ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் நாலு பெற்றோரும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய மாலை அரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கல்வியைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் கல்வியாளன் இல்லை. பகலில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவங்க பணத்தை எண்ணுகிறவன். ராத்திரியில் கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். கல்விக் கொள்கை, கல்வி உளவியல் இதையெல்லாம் பேச இங்கேயே தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரே ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். விழுப்புரம் பக்கத்தில் இருக்கிற ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. எங்கப்பா பாதியில் நின்ற பள்ளிக்கூடம் அது. எங்கம்மா அஞ்சாவது முடித்ததும் அங்கேதான். நான் அ, ஆ எழுதியதும் அங்கேதான். ஊர்ப் பேரைச் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் என்னிடம் மனசு விட்டுப் பேசினவர்களுடைய பிள்ளைகள் இன்னும் அங்கே படிக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்கும் காலனிக்கும் நடுவில், ஏரிக்கரை ஓரமாக இருக்கிறது. ஊர்க்காரர்கள் கிழக்கு வாசல் வழியாக வருவார்கள். நாங்கள் மேற்கு வாசல் வழியாக வருவோம். மேற்குப் பக்கம் வாசல் என்று ஒன்றும் கட்டவில்லை. சுவர் இடிந்த இடம் அது. ரொம்ப நாளாக நாங்கள் அதைத்தான் வாசல் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

'பொது' என்கிற சொல்லை நம் தோழர்கள் ஓயாமல் பயன்படுத்துகிறோம். பொதுப் பள்ளி, பொதுக் கல்வி, பொதுத் துறை. எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். பொதுக் கிணறு என்றால் நாம் தண்ணி எடுக்க முடியாத கிணறு. பொதுச் சுடுகாடு என்றால் நம் பிணம் போக முடியாத சுடுகாடு. பொதுப் பாதை என்றால் நாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பாதை. ஊர்ப் பொது என்று சொல்லும்போதே சேரி அதற்கு வெளியில் நிற்கிறது. அப்படியிருக்க, 'பொதுப் பள்ளியைப் பாதுகாப்போம்' என்று நாம் முழக்கம் போடும்போது, எந்தப் பொதுவைச் சொல்கிறோம் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருடையது என்று கேட்டுவிட்டுப் பாதுகாப்போம் என்கிறேன்.

இது புதுசாகக் கேட்கிற கேள்வி இல்லை. அம்பேத்கர் பள்ளியில் தனியாகச் சாக்குத் துணி மேல் உட்கார்ந்ததையும், பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணி என்று இருந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். அதுவும் பொதுப் பள்ளிதான். சென்னை மாகாணத்தில் பள்ளிக் கதவு திறக்காததால்தான் நமக்கென்று தனிப் பள்ளி கேட்க வேண்டி வந்தது. 1894-ல் அடையாறு ஊரூரில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் பத்திரிகை நடத்தியவர்கள். ரெண்டு பேருமே கல்வியைச் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்டார்கள். 1920-களில் தொழிலாளர் துறை என்று ஒரு துறை நமக்காகப் பள்ளிகள் நடத்தியது. அந்த வழியில் வந்தவைதான் இன்றைக்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சோற்றுக் கதையும் பழசுதான். 1920-ல் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டார்கள். 1956-ல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். நடுவில் 1953-ல் ராஜாஜி அரை நாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒன்று கொண்டுவந்தார். குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954-ல் அது போனது. பறையடிக்கிறவன் பிள்ளைக்கும் பிணம் சுமக்கிறவன் பிள்ளைக்கும் மீதி நேரத்தில் என்ன பாடம் நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். எங்கம்மா எங்கப்பாவுக்கு மாமன் மகள்தான். ஒரே காலனி, ஒரே பள்ளிக்கூடம். ஆனால் பள்ளிக்கூடம் என்று சொன்னாலே ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்வார்கள். எங்கப்பா மூணாவதில் நின்றார். எழுபதுகளில். வாத்தியார் சிலேட்டைக் கையால் வாங்க மாட்டார். தரையில் வைக்கச் சொல்லி, பிரம்பு நுனியால் திருப்பிப் பார்ப்பார். அடிக்கிறதென்றால்கூட ஊர்ப் பையனைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வாராம். "அடிக்கிறதுக்குக்கூட நம்ம தொடமாட்டான்டா" என்று எங்கப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதி, நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டேன்.

எங்கம்மா கதை வேறு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது அம்மா மூணாவதோ நாலாவதோ. வீட்டில் ஒரு வேளைக் கூழ். பள்ளிக்கூடத்தில் சுடுசோறு. தனி வரிசையில்தான் உட்கார வைத்தார்கள். ஆனாலும் சோறு சுடுசோறு. "அந்தச் சோறு இல்லன்னா நான் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டிருக்க மாட்டேன், நீ பேங்குல உக்காந்திருக்க மாட்ட" என்று அம்மா சொல்வாள். அப்பா அப்போது எழுந்து வெளியில் போய்விடுவார். ஒரே வாத்தியார்கள், ஒரே கட்டடம், ஏழெட்டு வருஷ இடைவெளி. ஒருத்தருக்குப் பிரம்பு, ஒருத்தருக்குச் சோறு. இதில் யார் சொல்வது உண்மை என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். ரெண்டும் நடந்தது.

இந்தப் பேச்சுக்காக நான் நாலு பெற்றோரிடம் பேசினேன். எல்லோருக்கும் அதே பள்ளிக்கூடம். அவர்கள் சொன்னதை முதலில் அப்படியே வைக்கிறேன்.

முதலாவது, ஒரு அக்கா. கரும்பு வெட்டுக்குப் போகிறவர். புருஷன் இல்லை. ரெண்டு பிள்ளைகள், ஒண்ணாவதும் மூணாவதும். விடியக்காலம் அஞ்சரைக்கு வேன் வந்தால் ஏறிப் போய்விட வேண்டும். அடுப்பு மூட்டவெல்லாம் நேரமில்லை. முந்தியெல்லாம் ராத்திரிச் சோற்றில் தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் தின்றதா இல்லையா என்று கரும்புத் தோட்டத்தில் நினைப்பு ஓடிக்கொண்டே இருக்குமாம். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் ஆரம்பித்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இப்போது பள்ளிக்கூடத்திலேயே உப்புமா, கிச்சடி, பொங்கல். அவர் சொன்னது: "தம்பி, எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. காலம்பற எம்புள்ளைங்க வயிறு ரொம்பிச்சா, நான் நிம்மதியா குனிஞ்சு வெட்டுவேன். அந்த ஸ்கூலைப் பத்தி எவன் குறை சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

இரண்டாவது ஒரு ஊர்க்காரர். ஒன்றரை ஏக்கர் நிலம், கடன், ஒரே பையன். பையனை ரெண்டாவதோடு நிறுத்தி, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டார். மஞ்சள் வேன் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஏன் என்று கேட்டேன். "இங்கிலீஷ் வேணும் இல்ல சார்" என்றார். சரிதான். யாருக்குத்தான் இங்கிலீஷ் வேண்டாம்? ஆனால் அந்த வருஷம் ஊரில் இருந்து போன பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாசத்தில் போனார்கள். காலை உணவு சமைக்க எங்கள் காலனிப் பெண் ஒருத்தரை மகளிர் குழு வழியாகப் போட்ட மாசம் அது. யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டு கொண்டுவரவில்லை, பிறகு பிள்ளை வரவில்லை, பிறகு டி.சி. வாங்கிவிட்டார்கள். கேட்டால் இங்கிலீஷ்.

இதைப் பற்றிச் சந்தேகம் இருக்கிறவர்கள் பழைய செய்தித்தாளைப் புரட்டலாம். 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று கூட்டம் கூடிப் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? அந்தப் பெண்ணை இடம் மாற்றியதுதான். எதிர்ப்பு வந்த பிறகுதான் அந்த உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். 2023-ல் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில் பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர்கள் தடுத்தார்கள். எம்.பி.யும் அமைச்சரும் ஆட்சியரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. சத்தமாக நடந்தவை செய்தியாகின்றன. எங்கள் ஊரில் நடந்ததைப் போலச் சத்தமில்லாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போவது செய்தியாவதில்லை. அது 'பெற்றோரின் விருப்பம்' என்கிற கணக்கில் எழுதப்படுகிறது.

வங்கியில் இருக்கிறவன் என்பதால் இன்னொன்றையும் பார்க்கிறேன். வாடிக்கையாளர் விவரத்தை வெளியில் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஜூன் மாச வரிசையை மட்டும் சொல்கிறேன். பள்ளி திறக்கிற வாரத்தில் நகைக் கடன் கவுண்டரில் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். கையில் பள்ளிக்கூடத்துக்காரர்கள் கொடுத்த ஃபீஸ் சீட்டு, முந்தானையில் முடிந்த தோடு, காசு, ஜிமிக்கி. மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை போட்டுச் சொல்ல, நாங்கள் சீட்டு எழுதுகிறோம். போன வருஷம் வைத்ததற்கு வட்டி கட்டிவிட்டு அதையே திருப்பி வைக்கிறவர்களும் உண்டு. அந்த வரிசையில் எல்லாச் சாதியும் நிற்கிறது. நம்மவர்களும் நிற்கிறார்கள். ஆனால் ஐநூறு தப்படியில் பள்ளிக்கூடமும் அதில் ரெண்டு டீச்சரும் இருக்கும்போது, நம் கைச் சோற்றைத் தன் பிள்ளை தின்னக் கூடாது என்பதற்காகப் பெண்டாட்டி காதைக் காலி பண்ணுகிறவனும் அந்த வரிசையில் நிற்கிறான். சாதியைக் காப்பாற்றுவதற்கு வட்டி கட்டுகிறான் ஐயா! கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான் இருக்கும்போது என்னை 'சார்' என்கிறவர், எங்கள் ஊர்ப் பஸ் நிறுத்தத்தில் 'என்னப்பா' என்கிறார். அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. எந்த இடத்தில் எந்தச் சொல் என்று தெளிவாகத்தான் இருக்கிறார்.

மூன்றாவது, எங்கள் காலனியில் இன்னொரு பெண். எனக்குத் தங்கச்சி முறை. பன்னிரண்டாவது வரை படித்தவள். அவள் மகள் நாலாவது. ஒருநாள் பிள்ளையின் கையில் பினாயில் வாடை. விசாரித்தால், வாரத்தில் ரெண்டு நாள் கழிப்பறைக்குத் தண்ணி ஊற்றித் தேய்க்கிறாள். போய்க் கேட்டாள். "எல்லாப் பிள்ளைங்களும் மொறை வெச்சுதாம்மா செய்யுது, காந்தியே செஞ்சிருக்காரு" என்றாராம் பெரிய வாத்தியார். இவள் கேட்டாள்: "சரிங்க சார். அந்த மொறைப் பட்டியலைக் காட்டுங்க." பட்டியல் இல்லை. இருந்தால்தானே காட்டுவதற்கு? ஊர்ப் பிள்ளைகள் மிச்சம் இருந்த மூணு பேரும் செடிக்குத் தண்ணி ஊற்றுகிறார்கள், நம் பிள்ளைகள் கக்கூசுக்குத் தண்ணி ஊற்றுகிறார்கள். "இஷ்டமில்லன்னா டி.சி. வாங்கிக்கோ" என்று பதில் வந்தது. அவள் சொன்னது: "நான் ஏன்ணா டி.சி. வாங்கணும்? எங்க தாத்தா மண்ணு சொமந்து கட்டுன ஸ்கூல் இது."

ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997-ல் இந்தியில் வந்தது. பள்ளி மைதானத்தைப் பெருக்க வைத்த தலைமையாசிரியரிடம் அவருடைய அப்பா போய்ச் சண்டை போடுகிற இடம் அதில் வருகிறது. அந்த அப்பா படிக்காதவர். அந்த ஒரு கேள்வி இல்லையென்றால் அந்தப் புத்தகமே இல்லை. அது உத்தரப் பிரதேசம், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதுசு என்று நாம் தள்ளிவிட முடியாது. பெருந்துறைக்குப் பக்கத்தில் பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக 2022 டிசம்பரில் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். அதையும் வெளியில் கொண்டுவந்தது ஒரு தாய் கொடுத்த புகார்தான். இயக்கம் போவதற்கு முன்னாலேயே ஒரு அம்மா போயிருக்கிறாள். இதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, செங்கல் சூளைக்குப் போகிற ஒரு அண்ணன். பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு திருவள்ளூர்ப் பக்கம் போனால், மழைக்கு முன்னாடிதான் திரும்புவார். மகன் அஞ்சாவது. பாதி வருஷம் சூளையில் கல் திருப்பிப் போடுகிறான். பதிவேட்டில் பேர் இருக்கிறது. அவரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது தம்பி. டீச்சரம்மா போன் பண்ணி, பையனை உட்டுட்டுப் போங்கன்னு சொன்னாங்க. யார்கிட்ட உட்டுட்டுப் போறது?" அந்த டீச்சரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் நம் ஆள் இல்லை. ஆனால் சூளைக்குப் போன பிள்ளைகளின் பெயரைத் தன் நோட்டில் தனியாக எழுதி வைத்து, திரும்பி வந்ததும் மாலை ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார். பாதி வருஷப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் எப்படி முடிப்பார்? அவர் செய்வது ஒரு மனுஷியின் நல்ல குணம். அரசாங்கம் செய்ய வேண்டியது வேறு.

இப்போது நாலு பேச்சையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அதிகாரிகளிடம் இதைக் கொண்டுபோனால் என்ன சொல்வார்கள்? 'பெற்றோரிடையே கலவையான கருத்து நிலவுகிறது' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடுவார்கள். ஆளுக்கு ஒரு அனுபவம், ஆளுக்கு ஒரு ருசி என்பதைப் போல. ஆனால் இந்த அனுபவங்கள் ஆளுக்கு ஆள் மாறவில்லை. தெருவுக்குத் தெரு மாறுகின்றன. ஒரே தெருவுக்குள், கையில் இருக்கிற காசுக்கும் படிப்புக்கும் தகுந்தபடி மாறுகின்றன. ஊர்க்காரர் வெளியேறலாம். தங்கச்சி கேள்வி கேட்கலாம். கரும்பு வெட்டுகிற அக்காவுக்கு வெளியேறவும் வழியில்லை, கேட்கவும் பயம். சூளைக்காரருக்கு அந்தப் பள்ளிக்கூடமே எட்டாத தூரம். 'கலவையான கருத்து' என்கிற சொல்லாடல் இந்த ஏற்பாட்டைத்தான் மூடி மறைக்கிறது.

கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். தங்கச்சி கேள்வி கேட்டுவிட்டு வந்த மறுநாள், குழாயடியில் முதலாவது அக்கா அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, நீ பாட்டுக்குப் போயி சண்டை போட்டுட்டு வந்துட்ட. பள்ளிக்கூடத்தை மூடிட்டா எம்புள்ளைங்களுக்குச் சோறு நீயா போடுவ?" இவள் சும்மா இருப்பாளா? "சோத்துக்காகக் கக்கூசு கழுவச் சொல்றியா?" என்றாள். குடம் உருண்டது. ரெண்டு வீட்டுக்கும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை.

நாம் இதில் யார் பக்கம்? இயக்கத்தில் இருக்கிற நமக்குச் சட்டென்று வாயில் வருகிற பதில், தங்கச்சி பக்கம் என்பதுதான். மானம் முக்கியம், சுயமரியாதை முக்கியம். ஆனால் அந்த அக்காவை 'விழிப்புணர்வு இல்லாதவர்' என்று நாம் எழுதிவிட்டால், எங்கம்மாவையும் அப்படித்தான் எழுத வேண்டும். பசிக்கிற பிள்ளைக்குத் தாய் பயப்படுகிற பயம் அடிமைப் புத்தி ஆகாது. அந்தப் பயத்தை வைத்துத்தான் ஆண்டைத்தனம் வேலை செய்கிறது. சோற்றைக் காட்டி வாயை அடைப்பது பழைய முறை. பண்ணையில் களத்து நெல்லைக் காட்டி நம் பாட்டன் வாயை அடைத்தார்கள். பள்ளிக்கூடத்துச் சோறு பண்ணையார் போடுகிற சோறு கிடையாது. அது நம் வரிப் பணத்தில், நம் வெட்டுக் கூலியில் வாங்குகிற தீப்பெட்டியில்கூடப் போய்ச் சேர்கிற பணத்தில் வேகிற சோறு. புகார் கொடுத்தால் சோறு நிற்காது, நிறுத்தவும் எவனுக்கும் அதிகாரம் கிடையாது. இதை அந்த அக்காவிடம் யாராவது உட்கார்ந்து சொன்னோமா? யாரும் சொல்லாதபோது பயப்படுவதைத் தவிர அவருக்கு என்ன வழி இருந்தது?

மூன்று பேர் போய்ப் பேசினோம். பிறகு ரெண்டு பெண்களும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒன்றாகப் போனார்கள். இந்தக் குழுவைப் பற்றி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். தாளில் அருமையாக இருக்கிறது. எங்கள் ஊரில் கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? நோட்டு வீட்டுக்கே வரும். "அக்கா, இங்க ஒரு கையெழுத்து." அவ்வளவுதான் கூட்டம்.

இந்த முறை நோட்டு வரவில்லை, இவர்கள் போய்விட்டார்கள். கரும்பு வெட்டுகிற அக்காதான் முதலில் பேசினார். "எம்புள்ளைங்க சோறு தின்னத்தான் வருது, கக்கூசு கழுவ வரல." தீர்மானம் எழுதப்பட்டது. பிள்ளைகள் கழிப்பறை பக்கம் வேலைக்குப் போவது நின்றது. ஊராட்சி மூலமாகத் துப்புரவுக்கு ஒரு ஆள் போட்டார்கள். வெற்றி என்று கைதட்டாதீர்கள் தோழர்களே, முடிக்கவில்லை. போட்ட ஆள் யார்? எங்கள் காலனிக் கிழவி ஒருத்தி. அந்தப் பினாயில் பிள்ளையின் பாட்டி. பேத்தி கையில் இருந்த துடைப்பத்தைப் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். விளம்பரம் கொடுக்கவில்லை, ஊர்த் தெருவில் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. இந்தத் தோன்றாமைக்குப் பெயர்தான் சாதி.

இன்னொரு விஷயம், அதே பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் நடக்கிறது. 'சுகாதாரக் குறைவான தொழில்' செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு என்று ஒரு கல்வி உதவித்தொகை உண்டு. ஒண்ணாவதில் இருந்தே உண்டு. பணம் தேவை, வாங்கத்தான் வேண்டும். அதற்கான கணக்கைத் திறக்க வருகிற தாய்மார்களைக் கவுண்டரில் பார்க்கிறேன். ஆனால் அதை வகுப்பில் எப்படி அறிவிக்கிறார்கள்? பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து நிற்க வைத்து, "உங்கப்பன் என்ன வேலை செய்யறான், சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா." எட்டு வயசுப் பிள்ளை, முப்பது கண்ணுக்கு முன்னால். நாங்குநேரியில் 2023-ல் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், பள்ளிப் பெயரில் இருந்து சாதி அடையாளங்களை எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இதற்கெல்லாம் பைசா செலவு கிடையாது. ஒரு தலைமையாசிரியர் நினைத்தால் நாளைக்குக் காலையில் முதல் மணியில் செய்துவிடலாம். செய்திருக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பது நம் வேலை.

கடைசியாக நம்மைப் பற்றி. இந்த அரங்கில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் தனியார் பள்ளியில். என் மகள் நகராட்சித் தொடக்கப் பள்ளியில் ரெண்டாவது படிக்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் "என்ன சார், செலவு பண்ண மனசு வரலியா" என்கிறார்கள். இதை நான் தியாகமாகச் சொல்லவில்லை. அங்கே நல்ல டீச்சர் இருக்கிறார், வீட்டுக்குப் பக்கம், அதனால் போகிறாள். அதனால் உங்கள் மேல் கல் எறிய மாட்டேன். ஊர்க்காரர் பிள்ளையை வெளியே கொண்டுபோனதும், ஒரு தலித் தகப்பன் வெளியே கொண்டுபோவதும் ஒரே கணக்கில் வராது. அவர் நம்மைத் தொடக் கூடாது என்று போகிறார். நீங்கள், நம் பிள்ளையை யாரும் எழுந்து நிற்க வைத்துச் சாதி கேட்கக் கூடாது என்று போகிறீர்கள். ரெண்டு பேரும் ஒரே வேனில் ஏறினாலும் காரணம் வேறு. ஆனால் ஒன்று. நாம் எல்லோரும் போன பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் யார் மிச்சம்? கரும்பு வெட்டுகிற அக்காவின் பிள்ளைகள், சூளைப் பிள்ளை, பினாயில் பிள்ளை. மெல்ல மெல்ல அது காலனிப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. முந்தி நம்மைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினார்கள். இப்போது பள்ளியையே நம்மோடு விட்டுவிட்டு அவர்கள் வெளியே போய்விட்டார்கள். நாளைக்கு எண்ணிக்கை குறைவு என்று சொல்லி, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்பார்கள். அப்போது ரெண்டு கிலோமீட்டர் நடந்து போகப் போவது யாருடைய பிள்ளை?

அதனால் பிள்ளையை எங்கே வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் கைவிட வேண்டாம். உங்கள் அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை அங்கேதான் இருக்கிறது. மாணவ நண்பர்களே, நீங்கள் ஊருக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, மேலாண்மைக் குழுவில் காலனியில் இருந்து யார் யார் உறுப்பினர் என்று கேளுங்கள். பல அம்மாக்களுக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது. இரண்டு, அடுத்த கூட்டத்துக்கு அவர்களோடு கூடப் போங்கள். உள்ளே விடாவிட்டால் வாசலில் உட்காருங்கள். பேச வேண்டியது அவர்கள். நீங்கள் தீர்மான நோட்டில் எழுதியிருப்பதைப் படித்துச் சொன்னால் போதும். மூன்று, சூளைக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகளைப் பொங்கலுக்கு முன்னாலேயே பட்டியல் எடுங்கள். தங்க வைக்க இடம், சாப்பாடு, கூட இருக்க ஒரு ஆள். இதை ஊராட்சியிடமும் கல்வித் துறையிடமும் எழுத்தில் கேளுங்கள். மனு நகலைப் பத்திரமாக வையுங்கள். முத்திரை வாங்காத மனு மனுவே இல்லை. பேங்குக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்.

எங்கள் ஊரில் தங்கச்சியும் அந்த அக்காவும் இப்போது அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். துப்புரவு வேலைக்கு ஊர்த் தெரு, காலனி ரெண்டு பக்கமும் தண்டோரா போட்டு ஆள் கேட்க வேண்டும், மாசம் பிறந்தால் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். ஊர்த் தெருவில் இருந்து எவரும் வர மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். "வரமாட்டேன்னு அவங்க வாயால சொல்லட்டும்ணா, அதை நோட்டுல எழுதணும்" என்றாள் தங்கச்சி. கூட்டம் அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை, சாயந்திரம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.